தைமோமாவும் மயஸ்தீனியாவும் சேர்ந்து வந்தால்: எதை, எப்போது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

"கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" தசைகள் சீக்கிரமே சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோய் இருப்பவருக்கு நெஞ்சில் தைமோமா என்னும் தைமஸ் கட்டியும் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்த அன்றைக்கு, வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். மருத்துவரும் பெரும்பாலும் "எடுத்துவிடலாம், நல்லபடியாகிவிடும்" என்பார். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கட்டி திரும்ப வருமா என்பது ஒன்று. இமை தொங்குவதும், மெல்லும்போது தாடை ஓய்ந்துபோவதும், படியேறும்போது கால் தளர்வதும் நிற்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பதில் கிடைக்கிறது. இரண்டாவதன் பதில் அத்தனை நேரானதில்லை. வழியில் வரும் ஒவ்வொரு முடிவிலும் இந்த இரண்டில் எதற்காக இதைச் செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தைமஸ், மார்பெலும்புக்குப் பின்னால் இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுரப்பி. ரத்தத்தில் ஓடும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி அணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். எது தன் உடம்பு, எது வெளியாள் என்று அங்கேதான் படித்துவிட்டு வருகின்றன. தைமோமா வந்தால் அந்தப் பள்ளியில் ஒழுங்கு கெட்டுப்போகிறது. தப்பாகப் படித்த அணுக்கள் வெளியே வந்து, தசைக்கு நரம்பு கொடுக்கும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளுக்கு எதிராக ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதம் உருவாகத் துணைபோகின்றன. பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டாலும் ஏற்கெனவே வெளியே போன மாணவர்கள் ஊருக்குள் சுற்றிக்கொண்டுதானே இருப்பார்கள்? கட்டி போன பிறகும் மயஸ்தீனியா பல ஆண்டுகள் தங்குவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

மயஸ்தீனியா உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு தைமோமா இருக்கிறது. தைமோமா உள்ளவர்களின் பக்கமிருந்து பார்த்தால், மூன்றில் ஒருவருக்காவது மயஸ்தீனியா இருக்கும். ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால் ஆயுசு குறைவு என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் தசைகள் சோர்ந்து பலர் இறந்த காலம் அது. வென்டிலேட்டரும் ரத்தத்திலிருந்து அந்த ஆன்டிபாடிகளை நீக்கும் முறையும் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. இன்று மயஸ்தீனியா ஒரு வகையில் எச்சரிக்கை மணியாகக்கூட வேலை செய்கிறது. இமை தொங்குகிறதே என்று போனவருக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள், கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டுவிடுகிறது.

கட்டியின் கணக்கு

கட்டியின் எதிர்காலத்தைச் சொல்லும் இரண்டு விஷயங்களில் ஒன்று அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. மற்றது, அதை முழுசாக எடுக்க முடிந்ததா என்பது. ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் வகைக்கும் பங்கு உண்டு, ஆனால் இந்த இரண்டுக்கு அடுத்தபடிதான்.

பரவலை மசாவோகா நிலைகளாகச் சொல்வது வழக்கம். உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் முதல் நிலை. உறையைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டாம் நிலை. இதய உறை, பெரிய ரத்தக்குழாய், நுரையீரல் என்று பக்கத்து உறுப்புகளைத் தொட்டால் மூன்றாம் நிலை. நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ சிதறியிருந்தால் 4ஏ, நிணநீர்க் கணுக்களுக்கோ தொலைவான உறுப்புகளுக்கோ போயிருந்தால் 4பி. இப்போது டி.என்.எம் முறையும் புழக்கத்தில் இருப்பதால் உங்கள் அறிக்கையில் இரண்டும் இருக்கலாம்.

ஜப்பானில் 115 மையங்களின் நோயாளிகளைத் தொகுத்து 2003-ல் வெளியான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் தைமோமா நோயாளிகளில் 5 ஆண்டுகள் தாண்டி உயிரோடிருந்தவர்கள் முதல் நிலையில் 100 சதவீதம், இரண்டாம் நிலையில் 98, மூன்றாம் நிலையில் 89, 4ஏ-யில் 71, 4பி-யில் 53. முழுசாக எடுத்த பிறகும் கட்டி திரும்பியது முதல் நிலையில் 1 சதவீதத்துக்கும் குறைவு, இரண்டாம் நிலையில் 4, மூன்றாம் நிலையில் 28. என் பார்வையில் அந்த ஆய்வின் முக்கியமான வரி வேறொன்று. மூன்றாம், நான்காம் நிலைகளில் முழுசாக எடுக்க முடிந்தவர்களில் 93 சதவீதம் பேர் 5 ஆண்டுகளைத் தாண்டினார்கள். கட்டியில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிந்தவர்களில் 64 சதவீதம், எடுக்கவே முடியாதவர்களில் 36 சதவீதம். கீழே வரும் பல முடிவுகள் இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

எடுப்பதா, விடுவதா

கட்டி இல்லாத மயஸ்தீனியாவில் இது உண்மையான கேள்வி. தைமஸை எடுத்தால் பலன் உண்டா என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்து, 126 பேரை வைத்து நடத்திய சோதனை 2016-ல் வெளியான பிறகுதான் ஓரளவு தெளிவு பிறந்தது. ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களைவிட, ஆபரேஷனும் செய்துகொண்டவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் பலவீனம் குறைந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டின் சராசரியும் மற்றவர்களுக்கு 60 மில்லிகிராம் என்றால் இவர்களுக்கு 44 ஆக இருந்தது. ஆனால் அந்தச் சோதனையில் தைமோமா உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. "ஆபரேஷன் செய்தால் மயஸ்தீனியா குறையும்" என்று யாராவது அதைக் காட்டிச் சொன்னால், அது உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். தைமோமாவோடு வரும் மயஸ்தீனியாவில், மருந்தே வேண்டாம் என்ற நிலைக்கு வருகிறவர்களின் பங்கு குறைவு.

அப்படியானால் ஏன் எடுக்க வேண்டும்? அது கட்டி என்பதால். மெதுவாக வளர்ந்தாலும் விட்டுவைத்தால் பக்கத்து உறுப்புகளுக்குள் புகும். எனவே உடல்நிலை தாங்கும் என்றால் எடுப்பதுதான் சரி, இதில் பெரிய ஒப்பீடு தேவையில்லை. விதிவிலக்குகள் உண்டு: மிக வயதானவர், இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காதவர், கட்டியா வெறும் சுரப்பி வீக்கமா என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரியாதவர். கடைசி வகையினருக்கு எம்.ஆர்.ஐ எடுத்தால் கொழுப்புக் கலப்பை வைத்துப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். எளிதாக எடுத்துவிடக்கூடிய, தைமோமா என்றே தோன்றுகிற கட்டியில் முன்கூட்டியே ஊசி குத்தி பயாப்ஸி எடுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். உறை கிழிந்து அணுக்கள் சிதறலாம் என்பதால்தான், அலட்சியத்தால் இல்லை.

உடனேயா, கொஞ்சம் பொறுத்தா

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் நாளைக்கே எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் நான் வேகத்துக்கு எதிராக வாதாடுவேன். சிறிய தைமோமா சில வாரங்களில் நிலை மாறிப்போவது அரிது. கட்டுப்படாத மயஸ்தீனியாவோடு மேசையில் படுத்தால், ஆபரேஷன் முடிந்து மூச்சுக்குழாயைக் கழற்ற முடியாமல் ஐ.சி.யூவில் வாரக்கணக்கில் தங்க நேரலாம். விழுங்குவதில் சிரமம், பேசும்போது குரல் மூக்கில் போவது, மூச்சுக் கொள்ளளவு குறைவு, முன்பு ஒரு முறை மூச்சு நெருக்கடி வந்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் தசைகளைத் தேற்றுவதுதான் பாதுகாப்பு.

தேற்றுவதற்கு இரண்டு வேகமான வழிகள். பிளாஸ்மா மாற்றத்தில் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள், பலன் சில நாட்களில் தெரியும். இம்யூனோகுளோபுலின் ஊசியை (மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகள்) 2 முதல் 5 நாட்களுக்குள் ஏற்றுவார்கள், அதற்கும் நெருங்கிய பலன் உண்டு. பிளாஸ்மா மாற்றத்துக்குப் பெரிய ரத்தக்குழாயில் வழி வேண்டும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும், தொற்று இருப்பவருக்குத் தொல்லை. இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது எளிது, ஆனால் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் ரத்தம் உறையும் வாய்ப்பு உள்ளவருக்கும் யோசிக்க வேண்டும். இரண்டின் பலனும் சில வாரங்கள்தான் நிற்கும் என்பதால், ஆபரேஷன் தேதியை ஒட்டித் திட்டமிட வேண்டும். ஸ்டீராய்டை அதிக அளவில் திடீரென்று தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பலவீனம் கூடிவிடுவது உண்டு. அதனால் கத்தி வைக்கும் வாரத்தில் அதைத் தொடங்குவதைப் பார்த்தால் காரணம் கேளுங்கள்.

மயக்க மருத்துவரை ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மட்டும் பார்ப்பது போதாது. மயஸ்தீனியா உள்ளவர்களின் தசைகள் சாதாரணத் தளர்வு மருந்துகளுக்கு மிகையாக அடங்கிவிடும். அளவைக் குறைப்பதும், ரோக்குரோனியம் என்ற தளர்வு மருந்தைக் கொடுத்தால் சுகமாடெக்ஸ் என்ற மாற்று மருந்தை வைத்துத் திருப்புவதும் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நோய் இருப்பது முன்கூட்டியே அவருக்குத் தெரிய வேண்டுமே.

நெஞ்சைத் திறப்பதா, துளை வழியாகவா

அதிகம் விவாதிக்கப்படுவதும், கொஞ்சம் அதிகமாக விளம்பரப்படுத்தப்படுவதும் இதுதான். மார்பெலும்பை நடுவில் பிளந்து செய்வது பழைய, நம்பிக்கைக்குரிய முறை. அறுவைசிகிச்சை நிபுணரின் கண்ணுக்கு எல்லாம் தெரியும், கைக்கு எல்லாம் எட்டும். விலை: வலி, எலும்பு சேரும் வரை கட்டுப்பாடு, நெஞ்சில் தழும்பு. மயஸ்தீனியாக்காரருக்கு வலி வெறும் வலியாக நிற்பதில்லை. வலித்தால் இருமமாட்டார், இருமாவிட்டால் சளி தேங்கும், தேங்கினால் நிமோனியா.

விலா இடுக்கில் கேமரா விட்டுச் செய்வதும், ரோபோட் கையால் செய்வதும் அந்த வகையில் தெளிவான லாபம். ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். ஆரம்ப நிலைக் கட்டிகளில், இதுவரை பின்தொடர்ந்து பார்த்த அளவில் கட்டி திரும்புவதும் இரண்டு முறைகளிலும் நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் தைமோமா 10 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடிய கட்டி, துளை முறைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பலவும் அதைவிடக் குறைந்த காலத்துக்கானவை. அதனால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற வாக்கியத்தை நான் பாதி நம்பிக்கையோடுதான் ஏற்பேன்.

முறையைவிட முக்கியம், கட்டியின் உறை கிழியாமல் ஒரே துண்டாக வெளியே வருவது. உறை கிழிந்து சிதறிய அணுக்கள் நுரையீரல் உறையில் விதைபோல விழுந்து, ஆண்டுகள் கழித்து முளைக்கும். முதல் நிலையில் இருந்த கட்டியை நாமே 4ஏ ஆக்கிய கதை அது. 5 சென்டிமீட்டருக்கு மேலான கட்டி, பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருக்கும் கட்டி என்றால் நெஞ்சைத் திறப்பதே மேல் என்பது என் சாய்வு. துளையில் தொடங்கி நடுவில் திறக்க வேண்டிவந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாத மருத்துவர்தான் வேண்டும். அவரிடம் எந்த முறை என்று கேட்பதற்கு முன், எத்தனை தைமோமா செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கட்டியை மட்டும் எடுப்பாரா, முழு தைமஸையும் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்தா என்றும் கேளுங்கள். மயஸ்தீனியா இருந்தால் முழுசாக எடுப்பதே வழக்கம்.

மூன்றாம் நிலையில் இன்னும் கடினமான ஒரு தேர்வு வரலாம். மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு நெஞ்சின் இரு பக்கமும் ஒன்று ஓடுகிறது. கட்டி அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், நரம்பை வெட்டி முழுசாக எடுப்பதா, நரம்பைக் காப்பாற்றி மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதா? கட்டியின் கணக்கு முதலாவதைச் சொல்கிறது, தசையின் கணக்கு இரண்டாவதை. நல்ல மூச்சுக் கொள்ளளவு உள்ளவர் ஒரு பக்க நரம்பை இழந்து வாழ்ந்துவிடலாம். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மயஸ்தீனியாக்காரருக்கு அந்த இழப்பு பெரியது. இரு பக்கமும் வெட்டுவதை யாரும் ஏற்பதில்லை. இதை மேசையில் முடிவு செய்ய விடாமல், முன்பே உட்கார்ந்து பேசி உங்கள் விருப்பத்தைச் சொல்லிவைப்பது நல்லது.

கதிர்வீச்சும் கீமோவும்

முதல் நிலையில் முழுசாக எடுத்தாயிற்று என்றால் கதிர்வீச்சு வேண்டாம். இரண்டாம் நிலையிலும் பெரும்பாலும் வேண்டாம், பி2, பி3 வகைகளில் மட்டும் பேச்சு வரும். மூன்றாம் நிலைக்கும் ஓரத்தில் மிச்சம் தெரிந்தவர்களுக்கும் கொடுப்பது வழக்கம். 35 வயதுக்காரருக்கு இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. கதிர் படும் வழியில்தான் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன, பாதிப்பு 15, 20 ஆண்டுகள் கழித்து வரலாம். 70 வயதுக்காரருக்கு அந்தக் கவலை குறைவு. ஒரே நிலை, ஒரே வகை, இரண்டு விதமான நியாயமான முடிவுகள்.

எடுக்க முடியுமா என்று சந்தேகமான பெரிய கட்டிகளுக்கு முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கும். மேலே சொன்ன 93, 64, 36 எண்களைப் பார்த்தால் அந்தச் சில மாதச் சிரமம் ஏன் தகும் என்று புரியும்.

அப்புறம் மருந்து

ஆபரேஷன் முடிந்த மறுமாதமே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் மனமுடைந்து போகிறார்கள். முன்னேற்றம் வந்தால் அது மாதங்களில், ஆண்டுகளில் வரும். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் மயஸ்தீனியாவே இல்லாமல், தைமோமா எடுத்த பிறகு புதிதாகத் தொடங்குவதும் உண்டு.

பைரிடோஸ்டிக்மின் அன்றாடத்தை ஓட்டும், நோயை மாற்றாது. பிரெட்னிசோலோன் வாரங்களில் வேலை செய்யும், ஆனால் எலும்பு, சர்க்கரை, கண், எடை என்று நீண்ட காலத்துக்கு வட்டி வாங்கும். நோய் எதிர்ப்பை அடக்கும் அஸத்தியோபிரின், ஸ்டீராய்டின் தேவையைக் குறைத்து அந்த வட்டியைக் குறைக்கிறது, பலன் தெரிய 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதனால் ஸ்டீராய்டு உதவாமல் போகும்வரை காத்திருக்காமல், நீண்ட காலம் தேவைப்படும் என்று தெரிந்த உடனே இதையும் சேர்த்துத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மைக்கோபினோலேட்டும் டாக்ரோலிமஸும் மாற்று வழிகள். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு மைக்கோபினோலேட் ஆகாது. எக்குலிசுமாப், எஃப்கார்டிகிமோட் போன்ற புதிய மருந்துகள் 2017 முதல் மயஸ்தீனியாவுக்கு அனுமதி பெற்றவை. வேகமாக வேலை செய்கின்றன. ஆனால் எக்குலிசுமாபின் முக்கியச் சோதனையில் தைமோமா இருந்தவர்களைச் சேர்க்கவில்லை என்பதால், நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று நரம்பியல் மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம்.

கட்டி திரும்பினால்

பெரும்பாலும் நுரையீரல் உறையில்தான் திரும்பும். வேறு பல புற்றுநோய்களில் "திரும்பிவிட்டது" என்றால் கதை முடிந்த மாதிரி ஒலிக்கும், தைமோமாவில் அப்படி இல்லை. மறுபடி முழுசாக எடுக்க முடிந்தால் மறுபடியும் பல ஆண்டுகள் கிடைக்கின்றன. எடுக்க முடியாதபோதுதான் கீமோ, கதிர்வீச்சு. சில சமயம் அசையாமல் கிடக்கும் சிறு புள்ளியைச் சும்மா கவனித்துவருவதும் ஒரு நியாயமான தேர்வு. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும், மற்றப் புற்றுநோய்களில் புகழ்பெற்ற இம்யூனோதெரபி மருந்துகள், தைமோமாவில் இதயத் தசையையும் எலும்புத் தசையையும் கடுமையாகத் தாக்கியிருக்கின்றன. மயஸ்தீனியாவும் இருப்பவருக்கு யாராவது அதைப் பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரின் கருத்து கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பலவீனம் கூடினாலே கட்டி திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். தொற்று, மருந்தைக் குறைத்தது, ஆகாத ஆன்டிபயாட்டிக் என்று காரணம் வேறாக இருக்கலாம். ஆன்டிபாடி அளவும் நம்பகமான சாட்சி இல்லை. ஸ்கேன்தான் சொல்லும். ஆரம்ப நிலை என்றால் முதல் 5 ஆண்டுகள் வருடத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று. மூன்றாம், நான்காம் நிலை என்றால் முதல் 2 ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. 10 ஆண்டுகளாவது விடக் கூடாது. இளவயதினருக்கு சி.டி.யின் கதிர் சேர்ந்துகொண்டே போவதால், இடையிடையே எம்.ஆர்.ஐ வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

சளி, நிமோனியா அடிக்கடி வந்தால் ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தைமோமாவோடு அது குறையும் ஒரு கோளாறு உண்டு, கட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் சரியாகாது. ரத்தச் சிவப்பணு உற்பத்தியே நின்று சோகை வருவதும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தைமோமாவும் மயஸ்தீனியாவும் உள்ளவர்களுக்கு அந்தத் தடுப்பூசி போடக் கூடாது.

இத்தனை ஆண்டுகளில் மருத்துவர்கள் மாறுவார்கள், நீங்கள் ஊர் மாறுவீர்கள். நோயியல் அறிக்கை, ஆபரேஷன் குறிப்பு, முதல் ஸ்கேனின் குறுந்தகடு: இந்த மூன்றையும் ஒரே உறையில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வருடம் நுரையீரல் உறையில் ஒரு புள்ளி தெரியும்போது, அது புதுசா பழசா என்று சொல்லக்கூடியது வீட்டில் வைத்த அந்தக் காகித உறை மட்டும்தான்.